அரவேணு வீட்டுச் சுவர்கள்: மூன்று முறை அடித்தும் நிற்காத பெயிண்ட்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில், அரவேணு பக்கம், ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவரின் வீடு. ஐப்பசி கடைசியில் போன் செய்தார். "தம்பி, அஞ்சு வருஷத்துல மூணு தடவை பெயிண்ட் அடிச்சாச்சு. மூணு தடவையும் அடுத்த மழை முடியறதுக்குள்ள உரிஞ்சிடுது. எந்தக் கம்பெனி அடிச்சா நிக்கும்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"சுவரைப் பார்க்காம சொல்ல முடியாதுங்க டீச்சர்" என்றேன். மறுநாள் காலையில் போனேன். அன்று தொடங்கி இரண்டு மழைக்காலம் தாண்டும் வரை நோட்டில் குறித்து வைத்ததை இங்கே எழுதுகிறேன். நான் மலையில் பெயிண்ட் வேலை எடுத்துச் செய்பவன். ஒரே வீட்டுக்குள் இத்தனை விதமான கோளாறுகளை ஒன்றாகப் பார்த்தது அதுதான் முதல் முறை. அதில் ஒன்றை நானே தப்பாகக் கணித்தேன். அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

வீடு

அது உண்மையில் இரண்டு வீடு. பின்பாதி பழையது. மண் சாந்தில் கல் வைத்துக் கட்டிய ஒன்றரை அடிச் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, மேலே ஓடு, ஓட்டுக்குக் கீழே பலகைக் கூரை. முன்பாதி சுமார் 15 வருடத்துக்கு முன்னால் சேர்த்தது. ஆறு அங்குல சாலிட் பிளாக், சிமெண்ட் பூச்சு, கான்கிரீட் தளம். பின்பக்கச் சுவரை ஒட்டியே மேடு. மேட்டின் மேலே தேயிலைத் தோட்டம்.

உள்ளே நுழைந்ததும் மருமகள் ஒரு வார்த்தை சொன்னார்: "பழைய ரூம்ல உப்புப் பூக்குதுங்க, புது ரூம்ல பூசணம் பிடிக்குது." பாதி நோயறிதலை அவரே முடித்துவிட்டார். ஆனால் முன்பு வேலை எடுத்தவர்கள் இரண்டுக்கும் "ஓதம்" என்று ஒரே பெயர் வைத்து, இரண்டுக்கும் வாட்டர்ப்ரூஃப் என்று ஒரே மருந்து கொடுத்திருந்தார்கள். பழைய அறைச் சுவரின் உள்பக்கம் வாட்டர்ப்ரூஃப் கோட். புது அறைக்கு மேலே மொட்டை மாடியில் வாட்டர்ப்ரூஃப் கோட். பெயிண்ட் செலவு தனி.

நான் முதலில் கேட்டது பழைய பெயிண்ட் டப்பாக்களை. பெரும்பாலான வீடுகளில் மிச்சம் வைத்த டப்பா ஸ்டோர் ரூமில் கிடக்கும். சுவர் மேல் என்னென்ன இருக்கிறது என்பதற்கு அதை விட நல்ல சாட்சி இல்லை. அடுத்து, எந்த மாதத்தில் அடித்தீர்கள் என்று கேட்டேன். "வேற எப்போ? பொங்கலுக்கு முன்னாடிதான். மூணு தடவையும் மார்கழியிலதான்" என்றார் டீச்சர்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வழக்கம் கீழே சமவெளியில் நன்றாகவே பொருந்தும். அங்கே மார்கழியில் மழை விட்டுச் சுவர் காயத் தொடங்கியிருக்கும், குளிரும் அதிகம் இருக்காது. கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம். இங்கே பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஐப்பசி, கார்த்திகை முழுக்கச் சுவர் தண்ணீர் குடிக்கிறது. மார்கழியில் குளிர் வந்து அந்தத் தண்ணீரை உள்ளேயே நிறுத்தி வைக்கிறது. வருடத்தில் பெயிண்ட் அடிக்க மிக மோசமான மாதம் எது என்று கேட்டால் மார்கழி என்றுதான் சொல்வேன். அப்போதுதான் எனக்கு வேலையும் அதிகம் வருகிறது. என்ன செய்வது!

பின் அறை

மேட்டை ஒட்டிய படுக்கையறை. தரையிலிருந்து நாலரை அடி வரை கொப்புளம். சில இடங்களில் கொப்புளம் உடைந்து பஞ்சு மாதிரி வெள்ளை உப்பு. அதற்கு மேலே சுவர் சுத்தமாக இருந்தது. வாட்டர்ப்ரூஃப் அடிப்பதற்கு முன்னால் எந்த உயரம் வரை இருந்தது என்று கேட்டேன். டீச்சர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே கையை வைத்துக் காட்டினார்.

இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் உள்ள சுவர் தண்ணீரைக் குடிக்கும், அப்புறம் தன் மேல்தோல் வழியாக ஆவியாக விட்டுவிடும். அந்த மேல்தோலில் பிளாஸ்டிக் சவ்வு மாதிரி ஒரு கோட் அடித்தால் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். சவ்வு முடிகிற இடத்தில் வெளியே வரும், அல்லது சவ்வைத் தள்ளிக்கொண்டு வரும். கொப்புளம் என்பது அந்தத் தள்ளல்தான். தண்ணீர் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த உப்பு அங்கேயே படிகமாகிறது. படிகம் வளரும்போது பூச்சையே உடைக்கும் பலம் அதற்கு உண்டு. பெயிண்ட் சவ்வெல்லாம் அதற்கு எம்மாத்திரம்!

பட்டி பிளேடால் சுவரில் உள்ளங்கை அளவு ஒரு ஜன்னல் வெட்டினேன். ஏழு அடுக்கு இருந்தது. அடியில் வெறும் சுண்ணாம்பு, அதன் மேல் நீலம் போட்ட சுண்ணாம்பு, பச்சை டிஸ்டெம்பர் (பழைய வகைத் தூள் பெயிண்ட்), அப்புறம் சிமெண்ட் கலந்த பட்டி, ஒரு எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் பெயிண்ட்), வாட்டர்ப்ரூஃப், கடைசியில் இன்னொரு எமல்ஷன். டீச்சர் பச்சையைப் பார்த்ததும், "இது நான் கல்யாணம் ஆகி வந்தப்ப இருந்த கலரு" என்றார். தரையை ஒட்டி மூன்றடி உயரம் வரை இன்னொரு விஷயமும் இருந்தது. பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூச்சு பூசியிருந்தார்கள். அது பலம் என்று நினைத்துச் செய்தது. சிமெண்டிலும் தண்ணீரில் கரையும் உப்பு உண்டு. ஏற்கெனவே ஈரமான சுவருக்கு உப்பையும் கொடுத்து மூடியையும் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று பார்க்க அலுமினியத் தாள் போதும். சமையலறையில் சப்பாத்தி சுற்றும் அதே தாள். ஒரு அடிச் சதுரம் வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட வேண்டும். தாளின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப்பக்கம் நனைந்திருந்தால் காற்றிலிருந்து. ஒரு சின்ன விஷயத்தைப் பலர் மறக்கிறார்கள்: பெயிண்ட் மேலேயே தாளை ஒட்டினால் பெயிண்ட் சவ்வு ஈரத்தைத் தடுத்துப் பொய்ப் பதில் கொடுக்கும். பூச்சு தெரியும் வரை சுரண்டிவிட்டு ஒட்ட வேண்டும். பின் அறையில் இரண்டாம் நாள் தாளை எடுத்தபோது சுவர்ப்பக்கம் சொட்டியது.

வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். சுவருக்கும் மேட்டுக்கும் நடுவே ஆரம்பத்தில் இரண்டடிச் சந்து விட்டிருந்தார்கள். மேட்டு மண் சரிந்து சரிந்து, அதில் பழைய ஓடு, விறகு, தேயிலைக் கவாத்துக் குச்சி எல்லாம் சேர்ந்து, சந்து இருந்த இடமே தெரியவில்லை. வெளியே மண் மட்டம் உள்ளே தரையை விட மூன்றடி உயரத்தில் இருந்தது. போதாக்குறைக்கு ஓட்டுத் தண்ணீரை வாங்கும் தகரம் அந்த மூலையில்தான் ஊற்றுகிறது. உள்ளே எத்தனை கோட் அடித்தாலும் இந்தத் தண்ணீரிடம் எடுபடாது.

வட மூலை அறை

இதுதான் இந்த வீட்டில் எல்லாரையும் ஏமாற்றிய அறை. மகன், மருமகள், இரண்டு குழந்தைகள் படுக்கும் அறை. கூரையும் சுவரும் சேரும் மூலையில் கறுப்புப் புள்ளிகள், பீரோவுக்குப் பின்னால் பீரோவின் உருவம் அப்படியே அச்சடித்த மாதிரி பூசணம். "மாடி ஒழுகுது" என்று முடிவு செய்து தளத்துக்குச் செலவு செய்திருந்தார்கள். செய்த பிறகும் புள்ளிகள் வந்தன.

தளம் ஒழுகினால் கறை எப்படி இருக்கும்? ஓரத்தில் பழுப்புக் கோடு போட்ட வட்டம் வட்டமாக இருக்கும், மழை பெய்த மறுநாள் பெரிதாகும். இங்கே வட்டமும் இல்லை, பழுப்புக் கோடும் இல்லை. மூலையிலும், பீரோ மறைத்த இடத்திலும், ஜன்னலுக்கு மேலே லிண்டல் என்ற கான்கிரீட் பட்டை ஓடும் இடத்திலும் மட்டும் புள்ளிகள். மூன்றும் அறையிலேயே குளிர்ந்த இடங்கள், காற்று நடமாட்டம் குறைந்த இடங்கள்.

புள்ளி பூசணமா, வெறும் அழுக்கா, அடுப்புக் கரியா என்ற சந்தேகத்துக்குக் குளோரின் பிளீச் ஒரு சொட்டு வைத்தால் போதும். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பூசணம். அழுக்கு அப்படியே இருக்கும். வெளுத்தது.

அலுமினியத் தாளை இங்கேயும் ஒட்டினேன். காலையில் அறைப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர், சுவர்ப்பக்கம் காய்ந்த தூசி. இருந்தாலும் மகன் நம்பவில்லை. சரி என்று ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டரையும், சுவர் வெப்பத்தைத் தொடாமல் அளக்கும் துப்பாக்கி மாதிரியான தெர்மாமீட்டரையும் அவரிடமே கொடுத்தேன். விடியற்காலை ஐந்தரைக்கு அவர் குறித்தது: அறைக் காற்று 16 டிகிரி, ஈரப்பதம் 84 சதவீதம், மூலைச் சுவர் 12 டிகிரி. அந்தக் காற்று 13 டிகிரியைத் தாண்டிக் குளிர்ந்தாலே தண்ணீராக மாறத் தொடங்கிவிடும். 12 டிகிரிச் சுவரில் பட்டால் படியாமல் என்ன செய்யும்? குளிர்ந்த செம்பின் வெளிப்பக்கம் வியர்ப்பதும் இதே கணக்குதான். செம்பு ஒழுகுகிறது என்று யாரும் சொல்வதில்லை.

"அவ்வளவு தண்ணி எங்கிருந்து வருது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தூங்கும் ஒரு ஆள் மூச்சிலும் தோலிலும் ஒரு இரவில் கால் லிட்டருக்கு மேல் ஈரத்தை விடுகிறார். நான்கு பேருக்கு ஒரு லிட்டர் வைத்துக்கொள்ளலாம். குளியலறை அறைக்குள்ளேயே, கதவு திறந்தே கிடக்கிறது, வெந்நீர் ஆவி முழுக்க இங்கே. மழை நாளில் துணி காய்வது இந்த அறைக் கொடியில்தான். நன்றாகப் பிழிந்த துணியிலும் ஒரு பக்கெட்டுக்கு லிட்டர் கணக்கில் தண்ணீர் மிச்சம் இருக்கும். அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒன்று, கேஸ் அடுப்பு. ஒரு கிலோ எல்.பி.ஜி. எரிந்தால் சுமார் ஒன்றரைக் கிலோ தண்ணீர் ஆவியாக வெளிவரும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று காலியாகும்போது ஏறக்குறைய 22 லிட்டர் தண்ணீர் வீட்டுக்குள் போயிருக்கிறது. அதைச் சொன்னபோது டீச்சர் சமையலறைச் சிலிண்டரைத் திரும்பிப் பார்த்தார். தண்ணீர்க் குடத்தைப் பார்க்கிற மாதிரி.

இத்தனைக்கும் அந்த அறையில் கூரையை ஒட்டி இரண்டு வெண்டிலேட்டர் இருந்தன. இருந்தன என்பதுதான் சரி. குளிர் வருகிறது என்று தெர்மாகோலும் செய்தித்தாளும் வைத்து அடைத்து அதன் மேலேயே பெயிண்ட் அடித்துவிட்டார்கள். மலையில் பத்து வீட்டில் எட்டில் இதைப் பார்க்கிறேன்.

மருமகள் ஜன்னல் திறக்க ஒப்புக்கொள்ளவே இல்லை. "வெளிய பனி மூட்டமா இருக்கு. திறந்தா அந்த ஈரமும் சேர்ந்துல்ல உள்ள வரும்? குழந்தைங்களுக்குச் சளி பிடிக்கும்." எல்லாரும் நம்புவது இதைத்தான், ஆனால் கணக்கு வேறு மாதிரி வருகிறது. 10 டிகிரியில் முழுக்க ஈரம் நிறைந்த காற்றில் ஒரு கன மீட்டருக்கு 9 கிராமுக்குக் கொஞ்சம் மேல்தான் தண்ணீர் நிற்கும். அதே காற்று உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 60 சதவீதம்தான். வெளியே மூட்டமாக இருந்தாலும், உள்ளே வெதுவெதுப்பாக இருக்கும் வரை, வெளிக்காற்றுதான் வறண்ட காற்று. குழந்தைகள் பள்ளிக்குப் போன பிறகு பத்து மணிக்கு எதிரெதிர் ஜன்னலை ஒரு கால் மணி நேரம் திறந்து மூடினால் போதும் என்று பேசி முடித்தோம். அந்தப் பேச்சு பெயிண்ட் வேலையை விடக் கடினமாக இருந்தது.

ஹால், சமையலறை, மற்றவை

ஹாலில் அடர் நீலம். கையால் தடவினால் கை நீலமாகிறது. அடித்த மாதம் மார்கழி, பெயிண்டர் டப்பாவில் கலந்த தண்ணீர் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்று மகனே சொன்னார். எமல்ஷன் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் உருண்டைகள். தண்ணீர் போகப் போக உருண்டைகள் நெருங்கி, இளகி, ஒன்றோடொன்று ஒட்டிச் சவ்வாக வேண்டும். குளிரில் உருண்டை இளகாது. தண்ணீர் போய்விடும், உருண்டை உருண்டையாகவே நிற்கும், மாவு மாதிரி உதிரும். பொதுவாக 10 டிகிரிக்குக் கீழே எமல்ஷன் அடிக்கக் கூடாது. அடிக்கிற நேரத்தை மட்டும் பார்த்தால் போதாது. பகல் 18 டிகிரியாக இருக்கும், ஆனால் மாலை ஐந்து மணிக்கு அடித்த கோட் இரவு 8 டிகிரியில்தான் காய வேண்டியிருக்கிறது. மலையில் குளிர் மாதங்களில் வேலை நேரம் காலை பத்திலிருந்து மதியம் இரண்டு வரை என்பது என் கணக்கு.

அதே ஹாலில் கோடு கோடாக வெளுத்திருந்தது. புது ஒயரிங்குக்காகச் சுவரை வெட்டிச் சிமெண்ட் அடைத்த தடம். அடைத்து ஒரு வாரத்தில், பெயிண்டுக்கு அடியில் போடும் பிரைமர் கோட் கூட இல்லாமல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். புதுச் சிமெண்டின் காரம் நீல நிறமியைத் தின்றுவிட்டது. இதற்குப் பரிசோதனை நம் வீட்டிலேயே இருக்கிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்தால் ஏன் சிவக்கிறது? காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். சுவரின் மேல்தோலை லேசாகச் சுரண்டி, நனைத்து, மஞ்சள் தூளைக் குழைத்துத் தடவினேன். ஒயரிங் தடம் முழுக்கக் குங்கும நிறம். பக்கத்துப் பழைய சுவரில் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. புதுப் பூச்சை 28 நாளாவது விட்டு, காரம் தாங்கும் பிரைமர் அடித்துவிட்டுத்தான் கலர். அவசரமாகப் புதுச் சிமெண்டில் எண்ணெய் பெயிண்ட் அடித்தால் இதை விட மோசம். காரமும் எண்ணெயும் சேர்ந்து சோப்பாகிப் பிசுபிசுக்கும்.

குளியலறையை ஒட்டிய ஹால் சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு தட்டு அளவு ஈரத் தடம் இருந்தது. "குளியலறை ஆவி" என்று நோட்டில் எழுதினேன். இதற்கு அப்புறம் வருகிறேன்.

சமையலறையில் பெயிண்ட் அப்பளம் மாதிரி பெரிது பெரிதாக உரிந்தது. உரிந்த சில்லை எப்போதும் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்பக்கம் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் அடியிலுள்ள சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ பிடி விட்டிருக்கிறது. மணலோடு வந்தால் பூச்சே செத்துவிட்டது. இங்கே பின்பக்கம் கண்ணாடி மாதிரி மழமழவென்று இருந்தது. அடியில் பழைய எனாமல் (எண்ணெய் பெயிண்ட்), அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கு, அதன் மேல் எமல்ஷன். பிடிக்க இடமே இல்லை. உரியாத இடத்தில் பிளேடால் எக்ஸ் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்தேன். டேப்போடு வந்துவிட்டது. ஆக, உரியாததும் உரியப் போவதுதான்.

தீர்வு எளிது, ஆனால் கை வலிக்கும். உரிவதை எல்லாம் சுரண்டி, சலவை சோடா கரைத்த நீரில் பிசுக்கைக் கழுவி, வாட்டர் பேப்பரால் எனாமல் மினுமினுப்பு போகும் வரை தேய்த்து, ஒட்டும் பிரைமர் அடிக்க வேண்டும். தண்ணீர் தொட்டுத் தேய்ப்பதற்குக் காரணம் உண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலை உலர உப்புத்தாள் போட்டால் ஈயத் தூசி வீடு முழுக்கப் பறக்கலாம். குழந்தைகள் உள்ள வீடு. தேய்த்த மூன்று நாளும் அவர்களை முன் அறையிலேயே இருக்கச் சொல்லி, கதவிடுக்கில் ஈரத் துணி வைத்தோம்.

மற்றவை சில்லறை. வெள்ளை எனாமல் கதவுகள் மஞ்சளாகியிருந்தன. வெளிச்சம் படாத அறையில் எண்ணெய் பெயிண்ட் அப்படித்தான் ஆகும், துடைத்தால் போகாது. வேண்டுமானால் தண்ணீர் சார்ந்த எனாமலுக்கு மாறலாம். பழைய கணப்பின் மேலே புகைக் கறை எமல்ஷனைத் தாண்டித் தாண்டி வெளியே வந்தது. கறையை அடைக்கும் தின்னர் வகைப் பிரைமர் ஒரு கோட், முடிந்தது. குளியலறைக் கூரையில் பழுப்பாக ஒழுகிக் காய்ந்த தடங்களை மருமகள் துரு என்று நினைத்திருந்தார். புது எமல்ஷன் ஈரக் காற்றில் மெதுவாகக் காயும்போது அதிலுள்ள சோப்பு போன்ற பொருள் வெளியே கசிவது அது. ஈரத் துணியால் துடைத்ததும் போய்விட்டது.

செய்தது

டீச்சர் பொங்கலுக்குள் முடிக்க வேண்டும் என்றார். முடியாது என்றேன். கொஞ்சம் மனஸ்தாபம். கடைசியில், "சரி தம்பி, உங்க இஷ்டம். ஆனா இந்தப் பொங்கலுக்கு வர்ற சொந்தக்காரங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்க" என்று விட்டார்.

தை பிறந்ததும் வீட்டுக்குள் போகாமல் பின்னால் போனோம். ஆறு ஆள், நாலு நாள், சந்து மண்ணை முழுக்க வெட்டி எடுத்தோம். உள்தரை மட்டத்துக்கும் ஓரடி கீழே வரை ஓடை வெட்டி, அடியில் ஓட்டை போட்ட பைப்பைச் சரிவாகப் போட்டு, மேலே ஜல்லி நிரப்பி, பக்கவாட்டில் தண்ணீர் ஓடும்படி விட்டோம். ஓட்டுத் தகரத்தின் வாயை வேறு மூலைக்குத் திருப்பினோம். அதற்குப் பிறகுதான் உள்ளே கொத்தினோம். வாட்டர்ப்ரூஃப் கோட்டும் சிமெண்ட் பூச்சும் சேர்த்து ஐந்தடி உயரம் வரை போனது. கல் தெரியும் சுவரை அப்படியே காற்றாட விட்டோம். கனமான சுவர் மாதத்துக்கு ஒரு அங்குலம் காய்ந்தாலே பெரிது. உப்பு பூத்துக்கொண்டே இருந்தது. வாரம் ஒரு முறை காய்ந்த பிரஷ்ஷால் தள்ளி முறத்தில் வாங்கி வெளியே கொட்டினோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும்.

சித்திரைக் கடைசியில் சுண்ணாம்பும் மணலும் ஒன்றுக்கு மூன்று கலந்து பூசினோம். சிமெண்ட் ஒரு பிடி கூட இல்லை. மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. "அண்ணே, ஒரு சட்டி சிமெண்ட் போட்டா நாளைக்கே இறுகிடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சாக்கை நனைத்துப் போட்டு மெதுவாக இறுக விட்டு, அப்புறம் மெல்லிய சுண்ணாம்பு நாலு கோட். டீச்சர் முகம் சுளித்தார். "இவ்வளவு செலவு பண்ணி திரும்ப சுண்ணாம்பா?" நீலம் கொஞ்சம் கலக்கச் சொன்னார். கலந்தோம்.

வட மூலை அறையில் முதல் வேலை வெண்டிலேட்டரைத் திறந்தது. வெளியே கொசு வலை, உள்ளே நேரடியாகக் குளிர் அடிக்காமல் சாய்ந்த பலகை. குளியலறையில் வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன். துணிக்கொடி முன் திண்ணைக்குப் போனது. பீரோ வெளிச்சுவரை விட்டு உள்சுவருக்கு மாறியது. பிறகு பூசணத்தை, ஒரு பங்கு பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து, நனைத்து, கால் மணி நேரம் விட்டுத் துடைத்துக் கழுவினோம். முகமூடி, கையுறை, திறந்த ஜன்னல். காய்ந்த பூசணத்தைத் தேய்த்துப் பறக்க விடக் கூடாது. கூட வந்த பையன் "இன்னும் நல்லா போகும்ணே" என்று கழிவறை ஆசிட் பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டான். பிளீச்சோடு ஆசிட் சேர்ந்தால் குளோரின் வாயு. அன்று அவனைத் திட்டிய திட்டு அரவேணு பஸ் ஸ்டாப் வரை கேட்டிருக்கும். சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு பூசணம் தடுக்கும் பிரைமரும் மினுக்கம் இல்லாத எமல்ஷனும் அடித்தோம். தளத்தில் கை வைக்கவே இல்லை.

பிறகு

அடுத்த கார்த்திகையில் போனேன். பின் அறையில் ஓரடி உயரத்தில் கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். ஓடை பைப்பின் வாயில் விரல் பருமனுக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அத்தனையும் முன்பு சுவருக்குள் போனது. வட மூலை அறையில் விடியற்காலை ஈரப்பதம் 68. புள்ளி ஒன்று கூட இல்லை. ஜன்னலை இப்போது திறப்பது மருமகள்தான்.

ஆனால் ஹால் சுவரின் தட்டு அளவுத் தடம் புது பெயிண்ட் மேலேயும் வந்திருந்தது, சாப்பாட்டுத் தட்டு தாம்பாளமாக வளர்ந்து. மறுபடியும் ஆவி என்றே நினைத்து, எக்ஸாஸ்ட் ஃபேனைக் கூடுதல் நேரம் ஓட்டச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மாசி மாதம் டீச்சர் கூப்பிட்டார். "தம்பி, மழை இல்ல, பனி இல்ல, அது மட்டும் காயவே மாட்டேங்குது."

அந்த ஒரு வாக்கியத்தில் பதில் இருந்தது. குளிர்ந்த காலையில் மட்டும் வந்தால் ஆவி. மழையோடு வந்து மழையோடு போனால் கசிவு. எந்தக் காலத்திலும் காயாமல் இருந்தால் பைப். அன்று இரவு எல்லாக் குழாயையும் மூடி, டேங்கில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து, காலையில் பார்த்தோம். இரண்டு விரல் இறங்கியிருந்தது. ஓடைக்கும் சுண்ணாம்புக்கும் அத்தனை பாடுபட்ட நான், சுவருக்குள் ஓடும் வெந்நீர்க் குழாயின் ஒரு மூட்டைப் பற்றி யோசிக்கவில்லை. அலுமினியத் தாளை அந்த இடத்தில் ஒட்டியிருந்தால் இரண்டு நாளில் தெரிந்திருக்கும். மற்ற இரண்டு அறையில் ஒட்டியவன் அங்கே ஒட்டவில்லை, அவ்வளவுதான். சுவரை வெட்டி மூட்டை மாற்றினோம். அந்த வேலைக்கு நான் பணம் வாங்கவில்லை. வெட்டிய இடத்துச் சிமெண்ட் மஞ்சளில் சிவக்கிறது. பங்குனி முழுக்க அப்படியே விட்டு, சித்திரையில்தான் கலர் அடித்தேன்.

இரண்டாவது மழையும் போய்விட்டது. இப்போது மிச்சம் இருப்பது ஒன்றுதான். பழைய கல் சுவரும் புது பிளாக் சுவரும் சேரும் இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு நீண்ட விரிசல், பட்டி பார்த்து அடைத்த பிறகும் திரும்பத் திறந்திருக்கிறது. இரண்டு சுவரும் வெவ்வேறு விதமாக அசைகின்றன, கெட்டியான பட்டி அங்கே நிற்காது. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். ஆடியில் போய்ப் பார்க்க வேண்டும். கோட்டைத் தாண்டாமல் இருந்தால் இழுபடும் அக்ரிலிக் ஃபில்லர், தாண்டியிருந்தால் பெயிண்டரை விட்டுவிட்டு என்ஜினியரைக் கூப்பிடச் சொல்லிவிட்டேன்.